பந்தியில் யாரை எழுப்புவது?

ராத்திரி பதினோரு மணிக்கு அக்கா பையன் போன் செய்தான். சில மருந்துக்கடைகளின் பில்லிங் சர்வர் அவன் பொறுப்பு.

"மாமா, மெஷின் மொத்தமா படுத்துடுச்சு. கடையில கையால பில் எழுதறாங்க."

அணைத்துப் போடுவதற்கு மேல் எனக்கு வைத்தியம் தெரியாது. ஆனால் அவன் புலம்பியதில் கம்ப்யூட்டரை விடப் பெரிய ஒரு கேள்வி இருந்தது.

லினக்ஸின் உள்மூளைக்குக் கெர்னல் என்று பெயர். ப்ரோகிராம்களுக்கு மெமரியைப் பங்கு போடுவது அதுதான். இதில் ஒரு ரகசியம்: கையிருப்பை விட அதிகமாக வாக்குக் கொடுக்கும். கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை வைத்துவிட்டு அறுநூறு பேருக்குச் சமைக்கிற மாதிரி. கேட்கிறவர்கள் எல்லோரும் கேட்டதை முழுசாகச் சாப்பிடுவதில்லை என்கிற அனுபவ ஞானம். பெரும்பாலும் பலிக்கும்.

பலிக்காத நாளில் கெர்னல் ஒரு எமனை அனுப்புகிறது. பெயரே 'ஓஓஎம் கில்லர்'. ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் மார்க் போடும். அதிகம் சாப்பிட்டவனுக்கு அதிக மார்க். முதல் மார்க் வாங்கியவன் காலி. ஒருத்தனை எழுப்பிவிட்டால் மற்ற எல்லோரும் பிழைக்கலாம் என்ற கணக்கு. ஐந்து பேரைக் காப்பாற்ற டிராம் வண்டியை ஒருவர் மேல் திருப்பலாமா என்று 1967இல் ஃபிலிப்பா ஃபுட் என்ற தத்துவ அம்மையார் எழுப்பிய கேள்விக்கு, கெர்னல் யோசிக்காமல் 'திருப்பு' என்கிறது.

கணக்கு சரி. நியாயமா? கடைசிக் கரண்டி கேட்டது ஒரு சுண்டைக்காய் ப்ரோகிராமாக இருக்கலாம். சாவது, மருந்துக்கடைக் கணக்கையெல்லாம் சுமக்கிற டேட்டாபேஸ். அதிகம் உழைக்கிறவன் அதிகம் சாப்பிடுகிறான், அதனாலேயே மாட்டிக்கொள்கிறான்.

இதற்கு விலக்கும் உண்டு. 2010 முதல் ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் மைனஸ் 1000லிருந்து ப்ளஸ் 1000 வரை ஓர் எண் கொடுக்கலாம். மைனஸ் 1000 என்றால் தொடக்கூடாது. பையன் டேட்டாபேஸுக்கு அதைப் போட்டான். அடுத்த வாரம் பேக்கப் செத்தது. அதற்கும் போட்டான். பிறகு முதலாளி கேட்கும் ரிப்போர்ட்டுக்கு. போதாததற்கு இந்த எண் பரம்பரைச் சொத்து. ஒரு ப்ரோகிராம் பெற்றுப்போடும் பிள்ளைகளுக்கும் சேரும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு விலக்கும் நியாயம்தான். கடைசியில் தொடக்கூடியவர் ஒருவரும் மிச்சமில்லை. கொல்ல ஆளில்லாத கெர்னல் 'பேனிக்' என்று தானே விழுந்துவிட்டது.

"வாக்கையே அளவாக் கொடுத்தா என்னடா?"

"அதுக்கும் செட்டிங் இருக்கு மாமா. ஸ்வாப் இல்லாத 16 ஜிபி மெஷின்ல அதைப் போட்டா, வழக்கமா 8 ஜிபிக்கு மேல யாருக்கும் வாக்கே கிடையாது. பாதி மெமரி சும்மா கிடக்கும்போதே இல்லைன்னு சொல்லிடும். பாதி ப்ரோகிராம் ஸ்டார்ட்டே ஆகாது."

அதாவது, சத்தியசந்தன் வீட்டில் சோறு இருக்கும், சாப்பிட ஆள் இருக்காது.

நானும் ஒரு காலத்தில் ஆபீஸில் ஆட்குறைப்புப் பட்டியல் போட்ட கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். வேண்டியபோதெல்லாம் ஆள் எடுத்துக் குவித்தவர்கள் அந்த அறையில்தான் இருந்தார்கள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொல்லி, 'இவரைத் தொடாதீங்க' என்றோம். நானும் சொன்னேன். நல்ல மனுஷர், குழந்தைகுட்டிக்காரர், காரணம் இருந்தது. ஆனால் எத்தனை பேர் என்ற எண்ணிக்கை குறையவில்லையே! நாங்கள் விலக்கிய கத்தி, சிபாரிசுக்கு ஆளில்லாத ஒருவர் கழுத்தில் இறங்கியது. இரக்கப்பட்டதாகத்தான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ரெண்டு நாள் கழித்துப் பையன் மறுபடி பேசினான்.

"சரி பண்ணிட்டேன் மாமா. டேட்டாபேஸ் எவ்வளவு சாப்பிடலாம்னு ஒரு வரம்பு வெச்சேன். அதுக்கு மட்டும்தான் விலக்கு. ரிப்போர்ட்டுக்கு ப்ளஸ் 500 போட்டுட்டேன். நெருக்கடின்னா முதல்ல அது போகட்டும்."

"பாவம்டா, அது என்ன தப்பு பண்ணிச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. ஆனா காலையில திரும்ப ஓட்டிக்கலாம். எது போனா திரும்பக் கிடைக்குமோ அதைத்தானே விடணும்?"

அந்த அறையில் ஒருவருக்கும் இந்தக் கேள்வி தோன்றவில்லை. பட்டியலில் போனவருக்கு அப்போது வயது ஐம்பத்திரண்டு.