கையும் கருத்தும்

மூளையால் உழைப்பவன் மேலோன், கையால் உழைப்பவன் கீழோன் என்ற எண்ணத்தை மேடையில் ஆதரிப்பவர் நம்மிடையே எவருமிலர். முற்போக்காளர் என்று நம்மை அழைத்துக்கொள்ளும் ஆசிரியர்களாகிய நாம் இதற்கெதிராகப் பலமுறை எழுதியும் பேசியும் இருக்கிறோம். ஆயினும் க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் நாளில் நமது நடத்தை வேறாகிவிடுகிறது. நல்ல பெறுபேறு பெற்றவனை உயர்தர வகுப்புக்கு அழைக்கிறோம். குறைந்த பெறுபேறு பெற்றவனை நோக்கி, "நீ தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போ" என்கிறோம். சொல் அறிவுரையின் உருவில் இருப்பினும் அதன் தொனி தீர்ப்பின் தொனியே. மேடையில் மறுத்ததை வகுப்பறையில் நிலைநாட்டும் இம்முரண்பாடு எங்கிருந்து வந்தது, அது சரியா என்று ஆராய்வது அவசியமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் இத்தகைய தீர்ப்பொன்றை ஒரு மாணவனுக்கு நாமே வழங்கினோம். அவனுடைய தகப்பனார் சைக்கிள் திருத்துபவர். "என்னைப்போல அவனும் எண்ணெய்க் கையோடு திரியக்கூடாது என்றுதானே, சேர், பள்ளிக்கூடம் அனுப்பினேன்" என்றார் அவர். அவருக்கு அளிக்கத்தக்க விடை அன்று நம்மிடம் இருக்கவில்லை. பையன் தொழில்நுட்பக் கல்லூரியொன்றில் சேர்ந்து, கணினியில் பொறியியல் வரைபடம் வரையவும் இயந்திரங்களைப் பராமரிக்கவும் கற்றான்.

பின்னொரு நாள் தான் வரைந்த படமொன்றுடன் அவன் நம்மைக் காண வந்தான். அவன் பயிற்சிக்குச் சென்றிருந்த தொழிற்சாலையில் நீர்ப்பம்பி ஒன்றின் பெயரிங் அடிக்கடி தேய்ந்து போயிற்றாம். ஒவ்வொரு முறையும் புதிய பெயரிங் மாற்றினார்கள். காரணத்தை எவரும் தேடவில்லை. மோட்டரின் தண்டும் பம்பியின் தண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லாமையே காரணம் என்பதை அவன் அளந்து கண்டான். அவற்றை நேராக்க வேண்டுமாயின் அடித்தட்டின் ஆணிகளைத் தளர்த்தி மீண்டும் இறுக்க வேண்டும். ஆனால் அந்த ஆணிகள் காப்புத் தகட்டுக்கு மிக அருகே அமைந்திருந்தன. "படத்தில் ஒரு கோடும் பிழையில்லை, சேர். ஆனால் ஸ்பானர் திரும்ப இடமில்லை" என்றான். இடம் விட்டு அவன் திருத்தி வரைந்த படமே அவன் கையில் இருந்தது. தொழிற்சாலையில் அதனை ஏற்றுக்கொண்டார்களா என்று கேட்டோம். "நான் பயிற்சிக்குப் போனவன்தானே, சேர்" என்று கூறி அதனை மடித்து வைத்துக்கொண்டான்.

ஸ்பானர் திரும்ப இடமில்லாத அப்படத்தை வரைந்தவர் கல்வியில் குறைந்தவராக இருந்திருக்க மாட்டார். ஆயின், தாம் வரைந்த இயந்திரத்தின் அடியில் அவர் ஒருநாளும் படுத்ததில்லை. கருத்து கையிலிருந்து பிரிந்தமையால் விளைந்த குறை இது. கை கருத்திலிருந்து பிரிந்தால், காரணம் தேடாமல் பெயரிங்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதே அதன் விளைவாகும். இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள். கணினி வந்துவிட்டமையால் இந்நோய் தானே தீருமென்று எண்ணுவதும் தவறு. 1963இல் ஐவன் சதர்லாந்து கணினித் திரையில் கோடு வரைந்து காட்டினார்; 1982இல் ஆட்டோகாட் வெளிவந்தது. அன்று முதல் வரையும் வேகமும் நுட்பமும் பன்மடங்கு பெருகியுள்ளன. ஆனால் பிழையான அளவைக் கொடுத்தால் கணினி அப்பிழையையே மிகத் துல்லியமாக வரைந்து தரும். கோடு நேரானது என்பதற்காக அது உண்மையாகிவிடாது. எந்த அளவு உண்மை என்பதை அறிய ஒருவன் வேணியர் இடுக்கியைக் கையில் எடுக்கத்தான் வேண்டும்.

நமது நாட்டின் கல்வி வரலாறும் இப்பிரிவையே வளர்த்து வந்துள்ளது. 1893இல் மருதானையில் தொழில்நுட்பக் கல்வி தொடங்கிற்று. 1950இல் அங்கிருந்த பொறியியற் பட்டக் கல்வி பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 1960இல் கட்டுபெத்தையில் செய்முறைத் தொழில்நுட்பத்துக்கென ஒரு நிறுவனம் எழுந்தது. அதுவே 1966இல் தொழில்நுட்பவியற் கல்லூரியாகி, 1972இல் பல்கலைக்கழக வளாகமாகி, 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இவ்வளர்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் ஒரு நிறுவனம் மதிப்புப் பெறும்போதெல்லாம் பட்டறையைப் பின்னே விட்டுவிட்டுத்தான் மேலேறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதன் வேர் குடியேற்ற ஆட்சி வளர்த்த உத்தியோக மோகத்தில் மட்டுமன்று, நமது சாதியமைப்பிலும் உண்டு. கொல்லனையும் தச்சனையும் பிறப்பால் வகுத்து ஒதுக்கிய சமுதாயம், அவர்களுடைய அறிவை அறிவென்றே ஒப்புக்கொள்ளவில்லை. பல தேசத்துத் தொழிலாளர் தமிழ் வினைஞரோடு கூடி மண்டபம் அமைத்த செய்தியை மணிமேகலையில் பெருமிதத்துடன் கற்பிக்கிறோம். பாடவேளை முடிந்ததும் அவ்வினைஞரின் வழித்தோன்றலை "படிப்பு ஏறாதவன்" என்கிறோம். தமிழாசிரியராகிய நமக்கு இது வெட்கத்துக்குரியது.

"இன்றைய தொழில்நுட்பப் பயிற்சி முதலாளிக்குப் பணியும் கரங்களை உற்பத்தி செய்கிறது. இங்கே பயின்றவன் வளைகுடா நாடுகளில் தன் உழைப்பை விற்கப் போகிறான். இதனைப் போற்றுவது எங்ஙனம்?" என்று தோழர்கள் சிலர் வினவுவர். இவ்வினாவில் உண்மையுண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றுபோன பின், வடபுலத்து இளைஞன் கற்ற தொழிலைத் தன் மண்ணில் செய்யும் வாய்ப்பு வெகுவாகச் சுருங்கியது. ஆயினும், உழைப்பு சுரண்டப்படுகிறது என்பதற்காக உழைப்பின் அறிவை மறுப்பது சுரண்டுபவனுக்கே உதவும். முழுமையாக அறிந்த தொழிலாளியைவிடப் பாதி அறிந்த தொழிலாளியே அவனுக்கு வசதியானவன். ஆகவே, நாம் கோர வேண்டியது பயிற்சியைக் குறைப்பதையன்று, நிறைவாக்குவதையே. வரைபடத்தோடு தொழிற்சட்டமும், இயந்திரத்தோடு வரலாறும், இவை அனைத்தும் தாய்மொழியிலும் அவனுக்குக் கிடைக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் நெருக்கடியில் அந்நியச் செலாவணியின்றி உதிரிப்பாகங்களின் இறக்குமதி தடைப்பட்டபோது, பழையதைத் திருத்தி ஓட்டத் தெரிந்த கைகளை நாடு நம்பியிருந்தது. அத்தேவை வந்தபோது மட்டும் நினைக்கப்படும் அறிவாக அது இருத்தல் கூடாது.

தேசிய தொழிற்றகைமை முறையில் தொழிலாளியின் சான்றிதழிலிருந்து பட்டம் வரை ஏழு படிகள் வகுக்கப்பட்டுள்ளன. ஏணி இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் ஏணியின் அடியில் நிற்பவனைத் தோற்றவன் என்று சொல்லி அனுப்பினால் அவன் அதில் ஏறுவதெங்ஙனம்? சட்டமும் திட்டமும் செய்ய முடியாத ஒன்றை ஆசிரியர் செய்யலாம். அடுத்த பெறுபேறு வெளிவரும் நாளில், தொழில்நுட்பக் கல்லூரியின் பெயரை முதலில் திறமைமிக்க மாணவனிடம் சொல்லிப் பார்ப்போம். அப்போது நம் குரல் தயங்குமாயின், திருத்தப்பட வேண்டிய வரைபடம் நம்மிடமே இருக்கிறது என்பதை உணர்வோம்.