அறுந்த இடத்தில் போடும் முடிச்சு



புதுக் கயிறு வாங்கினால் இரண்டு கையிலும் சுற்றி இழுத்துப் பார்ப்பீர்கள். பரிசோதனைக்கூடத்திலும் அதுதான் நடக்கிறது. துண்டின் இரு முனைகளையும் இயந்திரம் கவ்வி மெல்ல மெல்ல இழுக்கும். எத்தனை கிலோ பாரத்தில் அறுகிறதோ அதுவே அதன் வலு. வெயிலில் கிடந்த நைலோன் பார்வைக்கு நல்லதாக இருக்கும். இழுத்தால்தான் உக்கியது தெரியும்.

பேதுருவுக்கும் தன் வலு தெரியாது. உயிரையும் கொடுப்பேன் என்றவர், கரி நெருப்பருகே ஒரு பணிப்பெண் கேட்ட கேள்விக்கே அறுந்துபோனார். சேவல் கூவுமுன் மூன்று தடவை மறுதலித்தார்.

பரிசோதனைக்கூடம் அறுந்த துண்டை எறிந்துவிடும். ஆண்டவர் எறியவில்லை. இன்றைய நற்செய்தியில், யோவான் 21இல், திபேரியக் கடற்கரையில் அவரே கரி நெருப்பு மூட்டி வைத்திருக்கிறார். மூன்று மறுதலிப்புக்கும் ஈடாக மூன்று தடவை அன்பைக் கேட்கிறார். லூக்கா 5இல், பேதுருவை முதலில் அழைத்த நாளில், மீன்பாட்டில் வலைகள் கிழியத் தொடங்கின. இன்று 153 பெரிய மீன்கள், வலை கிழியவில்லை.

ஊர்காவற்றுறையில் யாகப்பர் என்று நாங்கள் வணங்கும் யாக்கோபு, ஆண்டவர் அழைத்தபோது வலை பொத்திக்கொண்டிருந்தார். மத்தேயு அதற்கு எழுதும் கிரேக்கச் சொல்லையே பவுல் கலாத்தியர் 6:1இல் எடுக்கிறார்: தவறியவரைக் கனிவோடு திருத்துங்கள் என்கிறார். வலையைப் பொத்துவதற்கும் ஆளைத் திருத்துவதற்கும் அங்கே ஒரே சொல்.

1990, 1991 போர்க்கால இடப்பெயர்வில் எங்கள் தீவகமே இழுபட்டது. சிலர் தாங்கினார்கள். சிலர் குடியில் அறுந்தார்கள். சில வீடுகளில் காணி எல்லையில் அண்ணன் தம்பி உறவு அறுந்தது. ‘அவனுக்கு வலு காணாது’ என்று லேசாகச் சொல்லிவிடுகிறோம். அவன் மேல் விழுந்த பாரத்தை நாங்கள் நிறுத்துப் பார்த்தோமா?

வலை பொத்துகிறவர் முதலில் கிழிசலை மடியில் விரித்து வைத்துக் கண்ணிகளை எண்ணிப் பார்ப்பார். பிறகுதான் ஊசியை எடுப்பார். இந்தக் கிழமை, பேச்சு நின்றுபோன ஒரு வீட்டின் படலையைத் திறந்து போங்கள். புத்தி சொல்ல அவசரப்படாதீர்கள். எங்கே அறுந்தது என்று அந்த வீட்டுக்காரர் சொல்லி முடிக்கும்வரை இருந்து கேளுங்கள்.

ஆமென்.