குட்டு வாங்கியவனையும் கைவிடமாட்டான் குமரன்

ஓம் சரவணபவ! வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!



2025 ஜூலை 12 குரூப் 4 பரீட்சை முடிந்ததும் எனக்கு நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பினீங்க. "அண்ணா, எந்தப் பாட்டை எத்தனை நாள் படிச்சா வேலை கிடைக்கும்?" இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அதுக்குப் பதிலா நான் வாங்கின ஒரு குட்டைப் பற்றிச் சொல்றேன். மூணு வருஷமா யாரிடமும் சொல்லாதது.

2022-ல் என் தங்கை டிகிரி முடித்துவிட்டு முதல் முறையாக குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பாடப்புத்தகங்களைப் பழைய கடையில் வாங்கி, விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து உட்காருவாள். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், வீட்டிலிருந்தே வேலை. "அப்ளிகேஷன் நான் போட்டுடறேன், நீ படிக்கிற வேலையைப் பாரு"ன்னு பெருமையாகச் சொன்னேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நான்தானே!

அந்த வருஷம் விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஏப்ரல் 28. இன்னைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டு, கடைசிக்கு முந்தின நாள் ராத்திரி உட்கார்ந்தேன். ஒருமுறைப் பதிவு ஏற்கெனவே இருந்தது. பெயர், படிப்பு, போட்டோ, கையெழுத்து எல்லாம் சரி. கட்டணம் கட்டும் பக்கத்துக்கு வந்தபோது ஆபீஸிலிருந்து கால். "சேவ் ஆயிடுச்சு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று லேப்டாப்பை மூடினேன். மறுநாள் தங்கை கேட்டாள், "அண்ணா, போட்டாச்சா?" "போட்டாச்சு" என்றேன். பொய் சொல்லணும்னு சொல்லலை. நிஜமாகவே போட்டாச்சுன்னுதான் நினைச்சேன்.

ஜூலையில் ஹால் டிக்கெட் எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, விண்ணப்பமே போய்ச் சேரவில்லை. கட்டணம் கட்டாமல் பாதியில் நின்றிருக்கிறது. தப்பு முழுக்க என்னுடையது. ஜூலை 24 அன்று அவளுடைய தோழிகள் எல்லோரும் பரீட்சை எழுதப் போனார்கள். இவள் மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அழவில்லை, திட்டவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அடுத்த தடவை நானே போட்டுக்கறேன்ணா."

அடுத்த தடவை எப்போது வந்தது தெரியுமா? 2024 ஜூன் 9. கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து.

இதில் வெட்கக்கேடு என்னன்னா, அந்த ஏப்ரல் மாதம் முழுக்க நான் வேல்மாறல் பாராயணம் செய்துகொண்டிருந்தேன். 48 நாள், ஒரு நாள் கூட விடாமல். தங்கைக்கு வேலை கிடைக்கணும்னு வேண்டுதல். வாய் முருகன் பேரைச் சொன்னது. கை, முருகன் கொடுத்த வேலையைப் பாதியில் விட்டது.

அப்போதுதான் கந்தபுராணக் கதை ஒன்று புதுசாகப் புரிந்தது. கயிலாயத்துக்கு வந்த பிரம்மா, சின்னப் பையன்தானே என்று முருகனை மதிக்காமல் போகிறார். முருகன் கூப்பிட்டு வேதம் சொல்லச் சொல்கிறான். பிரம்மா "ஓம்" என்று தொடங்குகிறார். "நிறுத்து. இப்போ சொன்னியே, அதுக்கு என்ன பொருள்?" பிரம்மாவுக்குத் தெரியவில்லை. தலையில் குட்டு, அப்புறம் சிறை.

பிரம்மா செய்த குற்றம் என்ன? தெரியாதது குற்றமா? இல்லைங்க. ஏன்னா அடுத்து வருவதைப் பாருங்கள். சிவபெருமான் வந்து மகனிடம் கேட்கிறார், "அப்படின்னா அதன் பொருளை நீ எனக்குச் சொல்வாயா?" அப்பனே சீடனாகிறார், பிள்ளை குருவாகிறான், காதில் உபதேசம் நடக்கிறது. அதனால்தான் சுவாமிமலையில் அவனுக்குச் சுவாமிநாதன், தகப்பன்சுவாமி என்று பெயர். "எனக்குச் சொல்லிக் கொடு" என்று கேட்டவருக்கு உபதேசம் கிடைத்தது. தெரியும் என்ற நினைப்பில் நடந்தவருக்குக் குட்டு கிடைத்தது. "போட்டாச்சு" என்று சொன்ன நானும் அன்றைக்குப் பிரம்மாதான்.

குரூப் 4 எழுதினவங்களுக்கு இது சட்டென்று புரியும். ஓ.எம்.ஆர். தாளில் ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடைக்கான வட்டங்களோடு ஐந்தாவதாக ஒரு வட்டம் இருக்கும்: "விடை தெரியவில்லை". எதையும் நிரப்பாமல் விட்டால் மதிப்பெண் குறையும். தெரியலைன்னா தெரியலைன்னாவது சொல்லு என்கிறது அந்தத் தாள். தப்பு விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை, அதனால் பரீட்சை அன்றைக்கு யோசித்து ஒன்றைத் தேர்வு செய்வதில் தவறில்லை. ஆனால் வீட்டில் மாதிரித் தேர்வு எழுதும்போது அந்த ஐந்தாவது வட்டத்தை நேர்மையாக நிரப்புங்கள். குருட்டாம்போக்கில் சரியாகப் போனதையும் சேர்த்து எண்ணி "150 எடுத்துட்டேன்" என்று சந்தோஷப்பட்டால், ஏமாறுவது நாம்தான். எத்தனை ஐந்தாவது வட்டமோ, அத்தனை இடத்தில் "சுவாமிநாதா, சொல்லிக் கொடு" என்று உட்காரணும்.

தங்கை அப்படித்தான் படித்தாள். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூணு மணி நேரம். அதில் முதல் 100 கேள்வி தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்கவில்லை என்றால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். "தமிழ்தானே, பார்த்துக்கலாம்" என்று நிறைய பேர் பொது அறிவிலேயே காலத்தைக் கழிக்கிறார்கள். இவள் திருக்குறளைப் பொருளோடு படித்தாள். ஒரு குறளை மனப்பாடமாகச் சொல்லுவாள், உடனே தன்னையே கேட்டுக்கொள்வாள்: "சரி, என்ன அர்த்தம்?" அது முருகன் பிரம்மாவிடம் கேட்ட கேள்வி என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தெரிந்தது.

2024 பரீட்சைக்குச் சில நாள் முன்னாடி, "சுவாமிமலைக்குப் போகலாமா?" என்று அவளே கேட்டாள். கும்பகோணத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அங்கே சன்னதிக்கு ஏறும் படிகள் அறுபது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது தமிழ் வருஷங்களுக்கும் ஆளுக்கொரு படி. நான் ஏறும்போது ஒவ்வொரு படியிலும் மனசு உறுத்தியது. இதில் இரண்டு படியை நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேனே. பாதியில் நின்றுவிட்டேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"என்னண்ணா, மூச்சு வாங்குதா?"

"இல்லம்மா. உன்னோட ரெண்டு வருஷம்..."

"அதையும் மிதிச்சுத்தானே மேல வந்திருக்கோம். வா, நடை சாத்திடப் போறாங்க."

அவ்வளவுதான் பேச்சு. எனக்கு அன்றைக்குக் கிடைத்த உபதேசம் அது.

அந்தப் பரீட்சையில் அவளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. வேலை கிடைக்கவில்லை. 2025 ஜூலையில் மறுபடியும் எழுதினாள். "முருகன் அருளால் வேலை கிடைத்தது" என்று முடிக்க எனக்கும் ஆசைதான். நடக்காததை நடந்ததாகச் சொல்லி உங்களை உற்சாகப்படுத்த மனசு வரலை. ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. இப்போ எங்கள் தெருவில் யார் அப்ளிகேஷன் போட்டாலும் இவளிடம்தான் வருகிறார்கள். கட்டணம் கட்டி, ஒப்புகை வந்து, அதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்த பிறகுதான் "போட்டாச்சு" என்கிறாள்.

கதையின் கடைசிப் பகுதியை நாம் மறந்துவிடுகிறோம், தம்பிகளே. சிறையில் போட்ட பிரம்மாவை முருகன் விடுவித்தான். படைப்புத் தொழிலைத் திரும்பக் கொடுத்தான். குட்டு வாங்கியவர் தன் வேலைக்குத் திரும்பினார். இந்த முறை கட் ஆஃப்புக்குள் வராதவங்களுக்கும் அது பொருந்தும். விலக்கி வைக்க அவன் குட்டுவதில்லை.

அதனால் பாராயணத்தை விடாதீங்க. வேல்மாறல் படிங்க, சஷ்டி விரதம் இருங்க. கூடவே அடுத்த அறிவிப்பு வந்தால் முதல் வாரத்திலேயே விண்ணப்பியுங்கள். கட்டணம் போனதா, ஒப்புகை வந்ததா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். "பணம் கொடுங்க, வேலை வாங்கித் தர்றேன்" என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது, எழுத்துத் தேர்வு மதிப்பெண்தான் தரவரிசை. 2019 பரீட்சையில் குறுக்கு வழியில் போன 99 பேருக்கு வாழ்நாள் தடை விழுந்ததை மறக்க வேண்டாம்.

இன்று ராத்திரி விளக்கேற்றும்போது "வேலை கொடு முருகா" என்று கேளுங்கள், தப்பே இல்லை. அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "செய்வதை முழுசாகச் செய்ய வை. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வை."

வேலும் மயிலும் துணை. படிக்கிற ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ இதை அனுப்புங்கள்.

சுவாமிநாத சுவாமிக்கு அரோகரா!