கணக்குக் கேட்டவன்

என் தங்கை மகள் சேலத்தில் படிக்கிறாள். பெரியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி ஒன்றில் இளங்கலை இரண்டாம் வருஷம். வாசம் விடுதியில். பென்னாகரம் பக்கத்து மேட்டுக்காட்டில் பிறந்து, எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் அவள்தான். அவள் தகப்பனார் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். எங்கள் பக்கத்து ஆண்கள் பலருக்கு அதுதான் பிழைப்பு.

அந்தப் பெண்ணுக்கு மாதா மாதம் நான் ஐந்நூறு ரூபாய் அனுப்பி வந்தேன். அரசாங்கம் அதைப்போல் இரண்டு மடங்கு அனுப்புகிறது. அரசுப் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வருகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பணம் அவளுடைய வங்கிக் கணக்குக்கே போய்விடுகிறது. எதில் செலவழித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரம் கொடுத்தவர்கள் கணக்குக் கேட்கவில்லை; ஐந்நூறு கொடுத்த நான் கேட்டேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தோம்.

"இன்னிக்கு என்னம்மா பண்ணினே?"

"கடைவீதிக்குப் போனோம் மாமா, நாலு பேரு."

"என்ன வாங்கினே?"

"ஒரு கிளிப்பு, முப்பது ரூபா. அப்புறம் தட்டுவடை செட்டு."

"அதுக்கா காலையிலே போயிட்டு இருட்டினப்புறம் வந்தீங்க?"

"சும்மா பார்த்துக்கிட்டே இருந்தோம் மாமா. ஒரு ஜவுளிக்கடை, அஞ்சு மாடி! அஞ்சையும் பார்த்தோம்."

அவள் குரலில் இருந்த சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், நேரம் வீணாகிறது, ஆசை வளர்கிறது, தகப்பன் சிமெண்டு மூட்டை சுமக்கிறான் என்று வரிசையாகக் காரணங்கள் சொல்லியிருப்பேன். சொல்லவும் செய்தேன். கதை எழுதுகிறவன் அல்லவா? உபதேசத்துக்கு ஒரு கதையும் வேண்டியிருந்தது. ஏதென்ஸ் நகரத்துச் சந்தையில் சாக்ரடீஸ் நடந்து போனார்; குவிந்து கிடந்த சரக்குகளை எல்லாம் பார்த்துவிட்டு, இத்தனை பொருள் எனக்குத் தேவையில்லாமல் இருக்கிறதே என்று மகிழ்ந்தார் என்பார்கள். அதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்போ அவரும் கடை முழுக்கப் பார்த்துட்டுத்தானே மாமா அதைச் சொல்லியிருக்காரு?" என்றாள்.

இந்தப் பதிலைக் கேட்டு நான் பெருமைப்பட்டிருக்க வேண்டும். கோபப்பட்டேன். வாதத்தில் தோற்ற பெரியவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். "படிக்கப் போனியா, கடை பார்க்கப் போனியா? இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எங்கே போனே, என்ன செலவுன்னு எனக்கு எழுதி அனுப்பணும்" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட்டேன்.

அவள் அனுப்பினாள். அடுத்த ஞாயிறு: "விடுதி. செலவு இல்லை." அதற்கடுத்த ஞாயிறு: "விடுதி. செலவு இல்லை." இப்படியே இரண்டு மாதம். பெண்ணைத் திருத்திவிட்டோம் என்று நான் திருப்தியோடு இருந்தேன் என்பதை ஒளிக்க விரும்பவில்லை. தங்கை ஒருநாள், "அவ லீவு நாள்லே எங்கேயும் போறதில்லையாம் அண்ணா. மத்த புள்ளைங்க கூப்பிட்டாலும் போர்வையை இழுத்து மூடிக்கிட்டுப் படுத்துக்கறாளாம். உடம்புக்கு என்னமோ தெரியலே" என்று கவலைப்பட்டபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அன்றிரவு என் அப்பாவின் நினைவு வந்தது. எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் போச்சம்பள்ளிச் சந்தைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போவார். போச்சம்பள்ளி அப்போது எங்கள் தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-இல் மாவட்டத்தைப் பிரித்ததிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டது. பரந்து கிடக்கும் சந்தை அது. ஆடும் மாடும் கோழியும் தானியமும் புளியும் ஒரு பக்கம். துணியும் பாத்திரமும் இன்னொரு பக்கம். அப்பா நேரே மாட்டுச் சந்தைக்குப் போவார். ஒரு ஜோடிக் காளையின் முன்னால் நிற்பார். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார். சுழி பார்ப்பார். திமிலைத் தடவுவார். நடத்திக் காட்டச் சொல்லுவார். விலை கேட்பார், துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேரம்கூடப் பேசுவார். வீட்டிலே காளை வாங்க வழி கிடையாது. அந்த மாட்டுக்காரனுக்கும் அது தெரியாமலிருக்காது. கடைசியில் ஒரு முழக்கயிறும் எனக்குப் பொரிகடலையும் வாங்கிக்கொண்டு பொழுதுசாய வீடு திரும்புவோம். அன்றைக்கு அப்பா நிமிர்ந்து நடப்பார். அந்த வாரம் முழுவதும் அந்தக் காளைகளைப் பற்றித்தான் பேச்சு.

அவரை யாரும் கணக்குக் கேட்டதில்லை. அம்மாவோ, வீட்டில் இருந்தபடியே கேழ்வரகு திரித்துக்கொண்டிருப்பாள். அவள் போச்சம்பள்ளிச் சந்தையைப் பார்த்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கேட்டதில்லை.

அப்பாவின் பேரத்தை ரசித்த நான் மருமகளின் ஐந்து மாடியைப் பொறுக்கவில்லை. என்ன நியாயம் இது? சந்தையில் அவர் தேடியதைத்தானே கடைவீதியில் இவளும் தேடினாள்? தன்னால் வாங்க முடியாததை எடுத்துப் பார்க்கவும், பிடிக்கவில்லை என்று திருப்பி வைக்கவும் கொஞ்ச நேரம் ஒருவருக்குச் சுதந்திரம் வேண்டியிருக்கிறது. பணக்கார வீட்டுப் பெண் கடைவீதியில் சுற்றினால் அதைப் பொழுதுபோக்கு என்கிறோம். ஏழைப் பெண் சுற்றினால்தான் 'தேவையா?' என்கிறோம்.

கடைக்காரர்களை நல்லவர்களாக்க நான் இதைச் சொல்லவில்லை. குளிர்ந்த காற்றும் கண்ணாடி விளக்கும் யாரைக் குறிவைத்து இருக்கின்றன என்று எனக்கும் தெரியும். தவணையில் வாங்கச் சொல்லும் விளம்பரமும், நடுராத்திரியில் படுக்கையில் கிடந்தபடியே செல்போனில் வாங்கிக் கடனாளியாகும் பிள்ளைகளும் இருக்கத்தான் செய்கிறார்கள். வாங்காமல் பார்ப்பதிலும் ஒருவருக்கு நஷ்டம் உண்டு: பிரித்துப் போட்ட துணியை மடித்து வைக்க வேண்டிய விற்பனைப் பெண்ணுக்கு. நாள் முழுவதும் நிற்கிற அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் செய்யவே 2021 ஆகியிருக்கிறது தமிழ்நாட்டில். என் மருமகள் மேல் குறை சொல்ல நியாயமுள்ளவர் யாராவது உண்டென்றால் அந்தப் பெண்தான், நான் அல்ல.

ஆனால், கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை இல்லையா என்கிறீர்களா? நானும் என்னை அப்படித்தான் கேட்டுப் பார்த்தேன். தர்மபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை இருக்கிறது. கிடைத்தற்கரிய நெல்லிக்கனியை அதியமான் ஔவைக்குக் கொடுத்த கதை எங்கள் மண்ணின் கதை. பள்ளிக்கூடத்தில் அதைப் படிக்கும்போது, தான் சாப்பிடாமல் கொடுத்தானே என்றுதான் வியந்திருக்கிறேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. அதன் பலனைக்கூடச் சொல்லாமல் கொடுத்தான் என்கிறது புறநானூறு. சொல்லியிருந்தால் அந்த நிமிஷத்திலிருந்து ஔவை கடன்பட்டவள். அவள் கடன்பட்டவளாகக் கனியைத் தின்பதை அவன் விரும்பவில்லை. நானோ ஐந்நூறு ரூபாயை அனுப்பும்போதே அதன் பலனையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலத்துக்கு ஒரு காரியமாகப் போனேன். காரியம் என்று ஒன்றுமில்லை. அப்படி ஒரு சாக்கு எனக்கும் தேவைப்பட்டது. விடுதி வாசலில் அவளை அழைத்துக்கொண்டு கடைவீதிக்குப் போனேன். என் பக்கத்திலேயே, என் நடைக்குச் சரியாக நடந்து வந்தாள். வளையல் கடை, செருப்புக் கடை, பாத்திரக் கடை என்று எல்லாம் போயின. ஒரு பக்கமும் திரும்பவில்லை. அந்த ஐந்து மாடி ஜவுளிக்கடை வந்தது.

"உள்ளே போய்ப் பார்க்கலாம் வா, கண்ணு."

"எதுக்கு மாமா? ஒண்ணும் வாங்க வேண்டியதில்லையே."

"சும்மாதான்."

"வேணாம் மாமா. மணியாகுது."

அன்று நான் பேசியது தப்பு என்று சொல்ல வாய் வந்தது. கூட்டத்தில் சொல்ல முடியவில்லை. தெருமுனைத் தள்ளுவண்டியில் இரண்டு தட்டுவடை செட் வாங்கினேன். நின்றபடியே சாப்பிட்டோம். பீட்ரூட் துருவல் அவள் உதட்டோரத்தில் ஒட்டியிருந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டவள், செல்போனை எடுத்து எதையோ எழுதினாள்.

"யாருக்கும்மா?"

"உங்களுக்குத்தான் மாமா" என்றாள், சாதாரணமாக. என் சட்டைப் பையில் டெலிபோன் ஒருமுறை அதிர்ந்தது.