விதைக்கு விட்ட காய்

ஆடியில் பந்தலடியில் ஊன்றிய கொடி அவரை, ஆவணியிலும் புரட்டாசியிலும் இலையாகவே தழைத்துக்கொண்டிருக்கும். எரு போதவில்லையோ, தண்ணீர் கூடிவிட்டதோ என்று மனம் அலையும். எரு வைத்தாலும் அது பூக்காது. இரவு நீள வேண்டும். அதற்காகத்தான் அது காத்திருக்கிறது. சென்னைப் பக்கம் ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழியின் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம். நமக்கு உறைக்காத அந்த வித்தியாசம் அவரைக்கு உறைக்கிறது. பகல், இரவின் நீளத்துக்கும் பூப்பதற்கும் உள்ள இந்த உறவைப் பற்றி அமெரிக்காவில் கார்னர், அல்லார்டு என்ற இரு விஞ்ஞானிகள் 1920-இல் எழுதினார்கள்.

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்ததும் கொத்துக் கொத்தாகப் பூ. மார்கழிப் பனியில் காய். அப்புறம் நிற்பதே இல்லை. பொரியல், கூட்டு, புளிக்குழம்பு என்று எத்தனை வகை செய்தாலும் பந்தலில் மிஞ்சும். பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் முறத்தில் போகும். பொங்கல் குழம்பில் அவரையும் மொச்சையும் பூசணியும் சேர்வது அந்தப் பருவம் தந்ததால்தான். எல்லாக் காலத்திலும் காய்க்கும் செடி அவரை ரகங்கள் இப்போது இருக்கின்றன. சந்தைக்கு அவை வேண்டும். ஆனாலும் மாதக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தவருக்கு முதல் பறிப்பில் கிடைக்கும் ருசி தனி. அதில் பாதி காத்திருப்பின் ருசி என்றே நினைக்கிறேன்.

பறிக்கப் பறிக்கக் காய்க்கும் என்பார்கள். வெண்டையும் கொத்தவரையும் அப்படித்தான். பிஞ்சாகப் பறித்தால் புதுப் பூ விடும்; முற்ற விட்டால் பூப்பது குறைந்துபோகும். ஏன்? செடி காய்ப்பது நமக்காக இல்லை, விதைக்காக. விதை முற்றுவதற்குள் நாம் பறித்துவிடுகிறோம். அது மறுபடியும் தொடங்குகிறது. நாம் பறிப்பதும் அது பூப்பதுமாகவே தை முழுதும் கழிகிறது. இதை உணர்ந்தபிறகு என்னால் கூடையை முன்போலப் பார்க்க முடியவில்லை. நாம் விளைச்சல் என்று சொல்வது இன்னோர் உயிரின் முடியாத வேலை. அதை உண்பது தவறில்லை, உண்டுதான் வாழ்கிறோம். ஆனால் அந்த வேலையை ஓரிடத்திலாவது முடிய விடுவது நம் கடன்.

அதனால்தான் பழக்கமுள்ளவர்கள் நன்றாகக் காய்த்த கொடியில், பூச்சி தொடாத, நீண்டு திரண்ட காய்களுக்கு நூல் கட்டி விட்டுவிடுவார்கள். கடைசியில் மிஞ்சும் சொத்தைக் காயை விதைக்கு வைப்பதில்லை. வாய்க்கு ருசியானதையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அவை கொடியிலேயே காய்ந்து, குலுக்கினால் சலசலக்கும். உரித்து, வெயிலில் காயவைத்து, சாம்பல் புரட்டிக் கலயத்தில் போட்டால் அடுத்த ஆடி வரை கிடக்கும்.

இந்தத் தையில் உங்கள் பந்தலிலும் காய் நிறைந்திருந்தால், அதில் நல்லவையாகப் பார்த்து நாலைந்தைப் பறிக்காமல் விடுங்கள். முற்றியதும் அந்த விதையில் ஒரு பிடியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள்.