உண்மை மட்டும் போதுமா?

"உள்ளதைத்தானே சொன்னேன், இட்டுக்கட்டியா சொன்னேன்?" இப்படி வாதிடுவோரை நாம் நாள்தோறும் காண்கிறோம், நாமே வாதிட்டதும் உண்டு. சொன்னது உண்மையென்றால் சொன்னதில் குற்றமில்லை என்பது நம்மில் பலருடைய எண்ணம். இது சரிதானா? பேச்சுரிமை எங்கே முடிகிறது? பிறருடைய அந்தரங்கம் எங்கே தொடங்குகிறது?

தமிழகத்தில் எழுந்த ஒரு வழக்கு இவ்வினாவை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு சென்றது. மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகக் கூறப்பட்ட தன்வரலாற்றை வெளியிட, 1994-இல் 'நக்கீரன்' இதழ் முனைந்தது. உயர் அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்பு அதனால் வெளிப்படும் என்ற நிலையில், சிறைத்துறை அதைத் தடுக்க முயன்றது. அவ்வாண்டு அக்டோபர் 7-ஆம் நாள் வந்த தீர்ப்பு, பேச்சுரிமை, அந்தரங்கம் ஆகிய இரண்டையும் காத்தது. அவதூறுக்கு அஞ்சி, வெளிவருமுன்பே ஒரு நூலைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ உரிமையில்லை. அதிகாரி தம் அலுவல் கடமையில் செய்தவற்றுக்கு அந்தரங்கம் கேடயமாகாது. பொது ஆவணங்களில் உள்ளதை எழுதலாம். ஆனால், ஒருவருடைய இல்லறம், குடும்பம், தாய்மை, பிள்ளைப்பேறு போன்றவற்றை அவருடைய இசைவின்றி வெளியிடலாகாது; அது உண்மையாயினும் பொய்யாயினும், புகழ்ச்சியாயினும் இகழ்ச்சியாயினும் சரியே. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரோ, பொது ஆவணத்திலேயே இருந்தாலும் வெளியிடத் தகாதது. பின்னர் 2017-இல், ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தனர்.

'உண்மையாயினும்' என்ற அச்சொல்லை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருச்சபையின் அறநெறிப் போதனையும் இதையே நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. பொய்க் குற்றம் சுமத்துவது அவதூறு. தக்க காரணமின்றி ஒருவருடைய மெய்யான குறையை, அதை அறியாதவரிடம் வெளிப்படுத்துவது புறங்கூறல். இரண்டுமே எட்டாம் கட்டளைக்கு எதிரான பாவங்கள். இரண்டிலும் கெடுத்த நற்பெயரை ஈடுசெய்யும் கடமை உண்டு. பொய் சொன்னவர், "நான் சொன்னது பொய்" என்று அறிவித்து ஓரளவேனும் ஈடுசெய்யலாம். உண்மையைச் சொன்னவர் எதைச் சொல்லி ஈடுசெய்வார்? நின்றுபோன திருமணத்தின் காரணத்தையோ, அடுத்த வீட்டாரின் நோயையோ தெருவுக்குக் கொண்டுவந்தபின், அதைத் திரும்ப வீட்டுக்குள் வைக்க எவரால் இயலும்?

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைப்பதா? இல்லை. பங்கின் கணக்கைக் கேட்பது புறங்கூறல் அன்று. பிள்ளைகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை, நற்பெயரைக் காப்பதாகச் சொல்லி மறைத்த பாவத்துக்குத் திருச்சபையினராகிய நாமும் ஆளானோம் என்பதை மறுக்க இயலாது. அத்தகைய கொடுமையை அறியவரும் குருக்களும் துறவியரும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவித்தே ஆகவேண்டும் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் சட்டமியற்றினார். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியமோ மீறப்படாதது. அந்தரங்கம் எளியவரின் காயத்தை மூடும் துணி. வலியவரின் குற்றத்தை மூடும் திரை அன்று.

ஆகவே, வாய் திறக்குமுன் "இது உண்மையா?" என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. இதை மறைத்தால் யாருக்கேனும் தீங்கு நேருமா? அத்தீங்கைத் தடுக்கக் கூடியவரிடம்தான் சொல்கிறோமா? இவ்விரண்டுக்கும் "ஆம்" என்றால், அஞ்சாமல் பேசுவோம். "இல்லை" என்றால், நாம் அறிந்த அவ்வுண்மை நம்மோடு நிற்கட்டும்.