சாக்குச் சொல்லாத கருவி

‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?’ என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று இன்னொரு பழமொழியும் உண்டு. தீமை விளைந்த இடத்தில் முதலாவதைச் சொல்லுகிறோம். திறமை போதாத இடத்தில் இரண்டாவதைச் சொல்லுகிறோம். இரண்டும் அளிக்கும் தீர்ப்பு ஒன்றுதான்: பொறுப்பு மனிதனுடையது, கருவியின் மேல் பழி போடாதே.

நல்ல தீர்ப்புத்தான். ஆனால் முழுத் தீர்ப்பாக அது எனக்குத் தோன்றவில்லை. எய்வதற்கு முன்னால் அவன் இன்னொரு காரியமும் செய்திருக்கிறான். தூணியில் கிடந்த பல அம்புகளுள் அந்த ஒன்றைத் தேர்ந்து எடுத்திருக்கிறான். எய்ததற்கு அவன் பொறுப்பு என்றால், எடுத்ததற்கும் அவன்தானே பொறுப்பு? எதை எடுத்தான், எதற்காக எடுத்தான் என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதே இல்லை. வில்லை வளைத்த பிறகுதான் நமது தர்ம விசாரணை ஆரம்பமாகிறது.

தேர்ந்தெடுப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் ஒன்று உண்டென்றால் அது போடிநாயக்கனூர்தான். மலைச் சரிவுகளில் விளைகிற ஏலம் இங்கே வந்து ஏலத்தில் விற்கிறது. இரண்டு பொருளுக்கும் தமிழில் ஒரே சொல் அமைந்தது தற்செயல்தான் என்றாலும், போடிக்காரருக்கு அது பொருத்தமாகவே படும். காய் பறிக்கும் பெண் முதலில் தேர்ந்தெடுக்கிறாள்: பிஞ்சைப் பறித்தால் உலரும்போது சுருங்கிப் போகும், பழுக்க விட்டால் வெடித்துவிடும். பிறகு சல்லடை தேர்ந்தெடுக்கிறது: 8 மில்லிமீட்டர் கண்ணில் நிற்கும் காய்க்கு ஒரு விலை, அதில் விழுந்து 7 மில்லிமீட்டர் கண்ணில் நிற்பதற்கு இன்னொரு விலை. கடைசியில் வியாபாரி தேர்ந்தெடுக்கிறார். விலை கேட்பது இன்று கணிப்பொறியில் நடந்தாலும், மாதிரிக் காயைக் கையில் அள்ளி நிறம் பார்ப்பதும், ஒன்றைப் பிளந்து விதை பார்ப்பதும், ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்று கேட்பதும் மாறவில்லை. இத்தனை பேரிலும் எனக்கு மிகவும் மரியாதைக்குரியதாகத் தோன்றுவது அந்தச் சல்லடைதான். அது யாரையும் திருப்தி செய்ய முயல்வதில்லை. முதலாளி தோட்டத்துக் காயானாலும் சிறு காய் சிறு காய்தான்.

இந்த ஊர் இளைஞர் ஒருவர், குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் ஈடுபாடுள்ளவர், ஒரு சமயம் என்னிடம் இப்படிக் கேட்டார்: “ஐயா, நான் ஒரு நல்ல பிஸ்டல் வாங்க வேண்டும். எது நல்லது?”

கதை எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று நான் சிரித்துவிடவில்லை. ‘எது நல்லது’ என்பது யாரிடமும் கேட்கத் தகுந்த கேள்விதானே! விஷயம் தெரிந்தவர்களை விசாரித்தேன். புத்தகங்களையும் விதிகளையும் படித்தேன். படிக்கப் படிக்க, அது துப்பாக்கியைப் பற்றிய கேள்வியாக மட்டும் இல்லாமல் போயிற்று.

25 மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் பயன்படுவது தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகை. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. வெடிப்பின் உதைப்பிலேயே காலித் தோட்டா வெளியே போய்ப் புதியது உள்ளே வந்துவிடும். அதிவேகப் போட்டியில் ஐந்து இலக்குகளை முதலில் 8 வினாடியிலும், பிறகு 6 வினாடியிலும், பிறகு 4 வினாடியிலும் சுட வேண்டும். கையால் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருக்க முடியாது. தோட்டாவின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். துப்பாக்கியின் எடை 1,400 கிராமுக்கு மேற்படக் கூடாது. விசை, 1,000 கிராம் பாரத்தையாவது தாங்கிய பிறகே விடுபட வேண்டும். குழலின் நீளம் 153 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. முழுத் துப்பாக்கியும் 30 சென்டிமீட்டர் நீளமும் 15 சென்டிமீட்டர் உயரமும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு பெட்டிக்குள் அடங்க வேண்டும். ஏலக்காய்க்குச் சல்லடை போல் துப்பாக்கிக்கு ஒரு பெட்டி! ஒற்றைக் கையால், மணிக்கட்டுக்கு எந்த ஆதாரமும் இல்லாமல் பிடிக்க வேண்டும். தொலைநோக்கி வைத்த குறிக்கு இடமில்லை.

இந்த எல்லைக்குள் எதைத் தேர்வது? அனுபவசாலிகள் மூன்று காரியங்களைச் சொல்லுகிறார்கள். முதலாவது, பிடி. கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியை நீட்டி, பிறகு கண்ணைத் திறந்தால், முன்குறியும் பின்குறியும் ஒரே நேராக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் மரப் பிடியை உளியாலும் அரத்தாலும் தன் கைக்குத் தகுந்தபடி செதுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, விசை. பழைய வேட்டைக்காரர்கள் ‘குதிரை’ என்பார்களே, அது. சண்டிக் குதிரை ஆகாது. இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இழுக்கிற குதிரையும் ஆகாது. மூன்றாவது, நம்பிக்கை. ஐந்து தோட்டாவும் ஒன்றுபோல் ஏறி, ஒன்றுபோல் வெடித்து, ஒன்றுபோல் வெளியேற வேண்டும். ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டா இன்னொன்றுக்கு ஒத்துவராமல் போகலாம். ஆகையால் விலைப்பட்டியலைப் பார்த்து வாங்காதே. மதுரையிலோ கோவையிலோ உள்ள ரைபிள் கிளப்பில் நாலைந்தைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார். எந்த உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொள் என்கிறார்கள். இத்தாலியப் பார்டினியா, ஜெர்மன் வால்தரா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் வருகிறது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. நல்ல துப்பாக்கி என்பது சுடுகிறவனுக்கு உதவி செய்கிற துப்பாக்கி அன்று. அவனுக்குக் குறுக்கே வராத துப்பாக்கி. அது அவன் கையின் நடுக்கத்தை மறைப்பதில்லை. விசையை வெடுக்கென்று பறித்தால் மன்னிப்பதில்லை. அவன் செய்ததை அப்படியே அட்டையில் எழுதிக் காட்டிவிடுகிறது. சரியான கருவியை வாங்குகிறவன் வெற்றியை விலைக்கு வாங்குவதாக நினைத்துக்கொள்கிறான். உண்மையில் அவன், இனித் தனக்குச் சாக்கு இல்லை என்ற நிலைமையைத்தான் காசு கொடுத்து வாங்குகிறான்.

அப்படியானால் கருவி ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் கையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா? கூடாது. அப்படிச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் நல்ல கருவி உள்ளவர்கள். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாக்கர் என்ற பெண், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கித் தகுதிச் சுற்றின் நடுவில் துப்பாக்கி பழுதுபட்டு, அதைச் சரி செய்வதற்குள் விலை மதிப்பற்ற நிமிஷங்களை இழந்தார். இறுதிச் சுற்றுக்குள் நுழைய இரண்டே புள்ளிகள் குறைந்துபோயின. அவரிடம் போய் ‘ஆடத் தெரியாதவள்’ பழமொழியைச் சொல்ல நமக்கு நாக்கு எழுமா? 2024-இல் பாரிஸில் அதே கை இரண்டு வெண்கலப் பதக்கங்களைப் பெற்றது. அதே பாரிஸில், ஒரு கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று வெள்ளி வாங்கிய துருக்கியரான யூசுஃப் டிகேச்சை உலகமே கொண்டாடியது. ‘ஒரு கருவியும் வேண்டாம் பார்!’ என்றார்கள். அவர் கையில் இருந்ததும் போட்டிக்கென்றே செய்த துப்பாக்கிதான் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டைக் கருவியோடு தோற்றவனுக்கு உபதேசம் செய்வது கொடுமை. ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தை விழுங்குகிற சாமான் இது. அதை வாங்க வழியில்லாத பிள்ளையிடம் ‘மனம் இருந்தால் போதும்’ என்று சொல்வது தர்மமும் அன்று, உண்மையும் அன்று. போதுமான கருவி ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும். அது நியாயத்தின் பக்கம்.

ஆனால் ‘போதும்’ என்று ஓர் எல்லை இருக்கிறது. அதற்கு அப்பால் நடப்பது வேறு கதை. தோற்ற ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை மாற்றுகிறவர்கள் உண்டு. பிடியை மாற்றி, தோட்டாவை மாற்றி, எதையும் மாற்ற முடியாதபோது பயிற்சியாளரை மாற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் தேடுவது கருவியை அன்று. தங்களைக் குற்றம் சொல்லாத ஒரு கருவியை. அப்படி ஒன்றை எந்தத் தொழிற்சாலையும் செய்யவில்லை.

ஹங்கேரி ராணுவத்தில் கரோலி டகாச் என்ற ஒருவர் இருந்தார். 1938-இல் ஒரு கைக்குண்டு வெடித்து, சுடுகிற அவருடைய வலக் கை சிதைந்துபோயிற்று. அவர் துப்பாக்கியை மாற்றவில்லை, கையை மாற்றினார். இடக் கையால் பழகி, 1948-இல் லண்டனிலும் 1952-இல் ஹெல்சிங்கியிலும் அதிவேகக் கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒலிம்பிக் தங்கம் பெற்றார். சாக்குச் சொல்ல உலகத்தில் யாருக்காவது உரிமை இருந்தது என்றால் அவருக்கு இருந்தது. அந்த உரிமையை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

இதுவரை நான் இதை ஒரு விளையாட்டுச் சாமானாகவே பேசி வந்தேன். ஆனால் துப்பாக்கி, மட்டையும் பந்தும் போல அன்று. 1911 ஜூன் 17-ஆம் தேதி மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது பிரௌனிங் கைத்துப்பாக்கி. 1948 ஜனவரி 30-ஆம் தேதி டில்லியில் காந்தியடிகளின் மார்பில் பாய்ந்த குண்டுகள் பெரெட்டா கைத்துப்பாக்கியிலிருந்து வந்தவை. இரண்டும் தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் வகையே. ஒரு செயலை நாம் தியாகம் என்கிறோம். இன்னொன்றை மகாபாதகம் என்கிறோம். பார்த்தீர்களா, எய்தவனைப் பொறுத்துத்தான் எல்லாம், அம்பு என்ன செய்யும் என்று பழமொழியின் பக்கம் சாயத் தோன்றும்.

நான் சாயமாட்டேன். சண்டைக்குத் துப்பாக்கி தேர்கிறவன் எதைப் பார்க்கிறான்? யார் கையிலும் பொருந்த வேண்டும். சட்டைக்குள் மறைய வேண்டும். அதிகத் தோட்டா கொள்ள வேண்டும். பட்டவன் எழுந்திருக்கக் கூடாது. போட்டிக்காரனின் துப்பாக்கியோ அவன் ஒருவன் கைக்கே செதுக்கப்பட்டது. மறைத்துக்கொள்ள லாயக்கில்லாத பெரிய மரப் பிடி. ஐந்தே தோட்டா, சிறிய குண்டு. சுடாத நேரத்தில் குழலுக்குள் வண்ணக் கயிறு ஒன்று செருகிக் கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் தெரிவதற்காக. ஆகவே கருவி நடுநிலை வகிக்கிறது என்று சொல்லாதீர்கள். தேர்ந்தெடுத்தவனின் எண்ணம் இரும்பிலும் மரத்திலும் இறங்கியிருக்கிறது. அந்தச் சிறிய குண்டும் உயிரை எடுக்கக் கூடியதுதான் என்பதை மறக்கலாகாது. 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் கேட்டு அலுவலகப் படி ஏறுகிறவனிடம், ‘எதற்காக?’ என்று அதிகாரி கேட்கிறார். அதிகாரிக்குச் சொல்லும் பதில் காகிதத்தில் இருக்கும். தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் பதில் அவன் தேர்ந்தெடுக்கிற துப்பாக்கியில் இருக்கும்.

அந்த இளைஞருக்கு இதையே சுருக்கிச் சொன்னேன்: “தம்பி, கையில் எடுத்ததும் யாரையாவது பயமுறுத்தலாம் என்று தோன்றுகிற துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள். எடுத்ததும் உங்களுக்கே கொஞ்சம் பயமாக இருக்கிறதா, இனி என் தவறு எனக்குத் தெரிந்துவிடுமே என்று? அதை வாங்குங்கள்.”

சரசுவதி பூஜைக்கு மறுநாளோ முன்நாளோ அன்று. அதே நாளில்தான் நாம் ஆயுத பூஜையும் செய்கிறோம். ஏலக்காய்க் கிடங்குகளில் சல்லடைக்கும் தராசுக்கும் சந்தனமும் குங்குமமும் வைக்கிறார்கள். அறிவையும் கருவியையும் ஒரே பலகையில் வைத்த நம் முன்னோர் சும்மா வைக்கவில்லை. சல்லடைக்குப் பொட்டு வைக்கிற வியாபாரி, ‘நான் சொன்னதைக் கேள்’ என்று அதை வேண்டிக்கொள்வதில்லை. வேண்டிக்கொண்டால் அது சல்லடையும் அன்று, அவர் வியாபாரம் நிலைக்கவும் போவதில்லை. உள்ளதை உள்ளபடி காட்டுகிற கருவி ஒன்று நம் கையில் இருக்கிறது என்ற நன்றிதான் அந்தப் பொட்டு. அத்தகைய கருவியைத் தேடி எடுத்துக்கொள்கிற துணிவு வந்துவிட்டால், எய்தவனை நோவதா அம்பை நோவதா என்ற வழக்கே எழாது.